கூடையில் வந்தவை

நத்தைகள் கீரைத் தொட்டிக்குள் எப்படி ஏறுகின்றன என்பதைப் படித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மருமகள் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பாதியில் நிறுத்தினால் மாமனாருக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக் கிடந்தாலும் ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்துவார். மேலே போ என்று அர்த்தம். அன்று காலையிலிருந்து அந்த விரல் உயரவில்லை. இருந்தாலும் அவள் முடித்துவிட்டே எழுந்தாள்.

வாசலில் நாத்தனார் நின்றாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். வேலை முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வண்டி ஏறியிருக்கிறாள். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"இருக்காரா?" என்று கேட்டாள். வழி நெடுக அந்த ஒரு வார்த்தையையே வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தவள் போல.

"இருக்காரு அக்கா. உள்ள வாங்க."

காலையில் வந்த மருத்துவர் மருமகளின் கணவனைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் ஓய்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் குழாய்களைத்தான் சொருகுவார்கள், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனோ மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். தன் கடையில் இல்லாத ஏதோ ஒரு ஊசி மருந்தைத் தேடி ஊரில் உள்ள மற்ற கடைகளுக்கெல்லாம் போயிருந்தான். கிடைத்தாலும் பயனில்லை என்று அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

நாத்தனார் பையைக் கீழே வைக்காமலேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் வந்திருக்கேன்" என்றாள். மாமனாரின் இமைகள் கொஞ்சம் திறந்து, அவளைப் பார்த்ததா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மூடிக்கொண்டன. ஆக்சிஜன் இயந்திரம் கட்டிலடியில் மூச்சு வாங்கியது. மூன்று பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடந்த சில வாரங்களாக இந்த அறையில் அவள் செய்துவந்த ஒரே வேலை படிப்பதுதான். ஆகவே டேப்லெட்டைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தொடர்ந்தாள். நத்தைக்கு உப்புப் போட்டால் பாவம் என்கிறாள் அந்தத் தோட்டக்காரி. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுப் பக்கத்துப் பூங்காவில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

"என்ன படிக்கிறே?" என்றாள் நாத்தனார்.

"யாரோ ஒரு அம்மா. பால்கனியில செடி வளர்க்கிறாங்க, அதைப் பத்தி எழுதுவாங்க. மாமாவுக்குப் பிடிக்கும்."

"இப்போ எதுக்கு இதெல்லாம்? மனுஷன் எப்படிக் கிடக்கிறாரு பாரு. கொஞ்சம் நிம்மதியா விடேன்."

குரலில் கோபமில்லை. பயணக் களைப்பும் பயமும்தான் இருந்தன. ஆனாலும் மருமகளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மகள் சொல்கிறாள், மகள் சொன்னால் சரிதான். டேப்பை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

நாத்தனார் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டாள். லிஃப்ட் பழுதுபார்த்து, கேபிளும் கிரீஸும் பழகிய தடித்த விரல்கள். வேலையை விட்டுப் பல வருஷங்கள் ஆன பிறகும் நகக்கண்களில் கருப்பு முழுதாகப் போகவில்லை. அந்த விரல்கள் திடீரென்று அவள் கைக்குள் அசைந்தன.

"அப்புறம்?" என்றார் மாமனார்.

நாத்தனார் குனிந்தாள். "என்னப்பா? என்ன வேணும்? சொல்லுங்க."

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளப் பார்த்தார். "நத்தை" என்றார்.

மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாத்தனார் மெல்ல அப்பாவின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "படி. அதையே படி" என்றாள்.

மருமகள் படித்தாள். பூங்காவில் விட்ட நத்தைகளில் ஒன்றின் ஓட்டில் தோட்டக்காரி சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்திருந்தாள், அடையாளத்துக்கு. வாரக் கடைசியில் பார்த்தால் பொட்டு வைத்த நத்தை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மாமனாரின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று அவளால் சொல்ல முடிந்தது. நாத்தனாருக்கு அது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

அவர் தூங்கிய பிறகு மருமகளும் அங்கே போனாள். நாத்தனார் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்குப் போன் பண்ணா மூணே வார்த்தை" என்றாள், திரும்பாமல். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வச்சிடறேன். அவ்வளவுதான். உங்கிட்ட என்னதான் பேசுவாரு?"

"எங்கிட்டயும் பேச மாட்டாரு அக்கா."

நாத்தனார் நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அது நிஜம்தான். மருமகள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதைச் சொல்லப் பார்த்தாள். சொன்னது கொஞ்சம், மனத்துக்குள் ஓடியது நிறைய.

அவள் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது மாமியார் இல்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டுவிட்ட மாமனார் மட்டும் பகல் முழுக்க வீட்டில் இருந்தார். கணவன் காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருவான். அவளுக்கோ வீட்டிலிருந்தே வேலை. ஒரு மரச்சாமான் நிறுவனத்துக்குச் சமையலறை அலமாரிகளைக் கணினியில் வரைந்து கொடுப்பாள். ஆக, பகலில் அந்த வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வருவதென்றால்கூட இரண்டு அறைக்கு முன்னாலேயே செருமிக்கொண்டு வருவார். அவள் சட்டென்று எழுந்து ஒதுங்கி நிற்பாள். அவர் அவசரமாகக் குடித்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து, திரும்பிப் போவார். யாரோ முதலாளி வீட்டில் இருவரும் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

அப்போது அவரிடம் ஒரு பழைய கணினி இருந்தது. தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்ட்ஸ் போவார். ரவுண்ட்ஸ் என்பது அவர் வார்த்தைதான். தனக்குப் பிடித்த வலைத்தளங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடிப்பார். தோட்டக்காரி ஏதாவது எழுதியிருக்கிறாளா? இல்லை. கடைசி பஸ் ஓட்டுகிறவர்? இல்லை. பாலங்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்க்கிறவர்? அவரும் இல்லை. ஒவ்வொரு கட்டடமாகப் போய் லிஃப்ட்டைச் சோதித்துவிட்டு, கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டு வருகிற மாதிரி, எல்லா வாசலையும் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோவார். பாதி நாள் ஒன்றும் கிடைக்காது. மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்பார்.

ஒருநாள் அவருக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டு இதைப் பார்த்தவள், வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "மாமா, இதுக்கு ஃபீட் ரீடர்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவை முகவரியைக் கொடுத்து வச்சிட்டா போதும். எங்க புதுசா வந்தாலும் அதுவே கொண்டுவந்து வச்சிடும்."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "நாம போக வேண்டாமா?"

"வேண்டாம்."

"அவங்களே வருவாங்களா?"

"வருவாங்க மாமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ எனக்கு வேலையே இல்லைன்னு சொல்லு" என்றார். அது வருத்தமா வேடிக்கையா என்று புரியாமல் அவள் பயந்துவிட்டாள். அன்று மத்தியானம் அவரே வந்து, செருமாமல், அவளுடைய மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். எல்லாத் தளங்களின் பெயர்களும் அதில் இருந்தன.

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவர் திறந்து பார்த்தபோது பாலக்காரரின் கட்டுரை ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. "கூடையில போட்டு வச்ச மாதிரி இருக்கே" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குக் கூடை என்று பெயர்.

கடவுச்சொல்லை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அவளுடைய கணக்கிலேயே அவரும் படித்தார். அவள் தனக்குப் பிடித்த தளங்களையும் அதிலேயே போட்டாள். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. ஒருவர் படித்துவிட்டால் அந்தத் தலைப்பு மங்கிவிடும். மற்றவர் கண்ணில் படாது. "நான் பார்க்கறதுக்கு முன்னாடி நீ மேஞ்சிட்டுப் போயிடறே" என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். மாமனாரும் மருமகளும் போட்ட முதல் சண்டையும் கடைசிச் சண்டையும் அதுதான். பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நன்றாக இருக்கிறது, நீயும் படி என்றால் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரக் குறியைத் தொட்டுவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர் அதிகாலையிலேயே படித்துவிடுவார். அவள் எழுந்து வந்து திறந்தால், மங்கிய தலைப்புகளைப் பார்த்தே அவர் எந்த வழியாகப் போயிருக்கிறார் என்று தெரியும். எங்கே நின்றார், எதைப் பார்க்காமல் தாண்டிப்போனார், எதற்கு நட்சத்திரம் போட்டார் எல்லாம் தெரியும். பாலம் என்றால் கண்டிப்பாக உண்டு. சமையல் குறிப்பென்றால் தாண்டிவிடுவார். அவள் சேர்த்திருந்த ஒரு பெண்ணின் கவிதைத் தளத்தை ஆரம்பத்தில் தாண்டிக்கொண்டே இருந்தார். பிறகு எப்போதோ ஒருநாள் அதில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் நாத்தனாரிடம் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வயிற்றில் தரித்த பிள்ளை தங்காமல் போய் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமனார் அறை வாசல்வரை வந்து செருமிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மறுநாள் காலை அவள் படுத்தபடியே போனில் கூடையைத் திறந்தாள். ஒரு கேலிச்சித்திரத் தளத்தில் பழைய மாதங்களுக்கெல்லாம் போய், தடித்த ஒரு பூனையையும் அதற்குச் சோறு போடுகிற கஞ்சனையும் வைத்து வரைந்த அத்தனை படங்களுக்கும் வரிசையாக நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள், முடியவே இல்லை. ராத்திரி பூராவும் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டியிருக்க வேண்டும். போர்வைக்குள் அவள் சிரித்தது அவருக்குக் கேட்டதோ என்னவோ, பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது.

பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள்.

"நடுவுல அந்த ரீடரை நடத்தின கம்பெனி அதை மூடிட்டாங்க அக்கா" என்றாள். "மாமாவுக்குச் சோறு இறங்கலை. அப்புறம் எல்லாத்தையும் வேற ஒண்ணுக்கு மாத்தினோம். பாதிப் பேர் எழுதறதையே விட்டிருந்தாங்க. அவங்களை விட்டுடலாமான்னு கேட்டேன். எழுதாதவங்களையும் தூக்கிட்டு வான்னாரு. கடையைக் காலி பண்ணலைம்மா, ஷட்டரைத்தான் இறக்கியிருக்காங்க, அப்படின்னாரு."

நாத்தனார் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தேநீரைக் குடிக்கவில்லை. "எனக்கு அவர் இப்படியெல்லாம் பேசுவாருன்னே தெரியாது" என்றாள். பிறகு, "அவருக்கு நான் படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அந்த நாற்காலி யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அதைக் கொடுக்க மருமகளுக்கு ஒரு நொடி ஆயிற்று. "வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய், அறையில் டேப்பைத் திறந்து காட்டினாள். தடித்த எழுத்தில் இருப்பது படிக்காதது. தொட்டால் திறக்கும். எழுத்து சிறிதாக இருந்தால் இரண்டு விரலால் விரிக்கலாம். "பஸ்காரர் எழுதியிருக்காரு, அதைப் படிங்க. மாமாவுக்கு அவரைக் கேட்டா சிரிப்பு வரும்" என்றாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சமையலறையில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். நாத்தனாரின் குரல் முதலில் தட்டுத் தடுமாறி வந்தது. பிறகு அவளை அறியாமலேயே வேலைக் குரலுக்கு மாறிக்கொண்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல், நடைமேடையின் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி. பயணிகள் பேருந்தில் விட்டுச் சென்ற பொருட்கள். ஒரு குடை. ஒற்றைச் செருப்பு. கைக்குட்டையில் சுற்றிய ஒரு பல்செட். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனாருக்கும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அந்தக் குரல் மாறியது. நிற்கவில்லை, தணிந்தது. அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்பது போல.

மருமகள் ஈரக் கையோடு போய் வாசலில் நின்றாள். நாத்தனார் ஒரு கையில் டேப்பை வைத்திருந்தாள். மற்றொரு கை அப்பாவின் நெஞ்சின்மேல் இருந்தது. இயந்திரம் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கை எழவுமில்லை, தாழவுமில்லை. நாத்தனார் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பல்செட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெரியவர் பணிமனைக்கு வந்தாராம். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் கையால் காட்டினாராம். எடுத்துக் கொடுத்ததும் குழாயடிக்குப் போய்க் கழுவி, போட்டுக்கொண்டு, திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் நன்றி என்று சொன்னாராம். கடைசி வரிவரை படித்தாள். எங்கும் விழுங்கவில்லை. ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

டேப்பைக் கட்டிலில் வைத்தாள். "முடிஞ்சிடுச்சு" என்றாள்.

மருமகள் குனிந்து இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள்.

கணவன் கொஞ்ச நேரத்தில் வந்தான். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. கையில் சின்னப் பை. "கிடைச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவன், அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றான். நேரே போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, அந்த மருந்தைக் கதவிலுள்ள தட்டில் நிமிர்த்தி வைத்தான். குளிரில் வைக்க வேண்டிய மருந்து அது. கதவைச் சாத்திவிட்டு, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அப்பாவின் அறைக்குள் போனான்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. உறவுக்காரர்கள், அடுக்குமாடிக்காரர்கள், மருந்துக்கடை முதலாளி. வந்தவர்கள் மகனின் தோளைப் பிடித்தார்கள், மகளைக் கட்டிக்கொண்டார்கள். மருமகளிடம் நாற்காலி இருக்கிறதா என்று கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாவது மாடியிலிருந்து வந்த ஒரு பெண், "நீங்க பொண்ணா?" என்று கேட்டாள். மருமகள் என்று இவள் சொன்னதும், "ஓ" என்று தலையசைத்துவிட்டு மகளைத் தேடிக்கொண்டு போனாள். அதில் தப்பொன்றுமில்லை. இவளுக்கும் அதுவே வசதியாக இருந்தது. டம்ளர்களை எடுப்பதும் வைப்பதுமாக நடந்துகொண்டே இருந்தால் எதையும் நினைக்க வேண்டியதில்லை. யாரோ பந்தல்காரர்களுக்குச் சொல்லிவிட்டாயா என்றார்கள். யாரோ நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார்கள். படத்தை அவள்தான் தேடி எடுத்தாள். லிஃப்ட் கம்பெனிச் சட்டையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வருகிறாயா இல்லையா என்று கேட்கிற மாதிரி நின்றிருந்தார்.

கடைசியாக வந்தவர் ஸ்பேனர். மாமனாரோடு லிஃப்ட் வேலை பார்த்தவர்; அவருடைய நிஜப் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. உடம்பு முடியாமல் போகும்வரை மாமனார் மாலையில் நடந்துபோய், தெருக்கோடி டீக்கடை பெஞ்சில் இவரோடுதான் உட்கார்ந்திருப்பார். ஸ்பேனர் நண்பனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வாசலுக்கு வந்தவர், தண்ணீர் நீட்டிய மருமகளைப் பார்த்து நின்றார்.

"கூடைக்காரப் பொண்ணு நீதானா?" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று தலையசைத்தாள்.

"தினம் ஏதாவது ஒண்ணு சொல்லுவான். எங்கயோ தொங்கு பாலம், எவளோ தக்காளி போட்டது. எங்கடா புடிச்சேன்னு கேட்டா, மருமக பொறுக்கி எடுத்து வைக்கறாம்பான்." தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நேத்து என்ன வந்துச்சுன்னு இனிமே யார் சொல்லுவா?"

அவர் போய்விட்டார். மருமகள் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெளியே யாரோ இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். மூன்றாவது தடவை நாத்தனாரின் குரல், "அவ வருவா, நீங்க பக்கத்து வீட்டுக்குப் போங்க" என்று சொல்வது கேட்டது.

மறுநாள் முற்பகலில் மின் மயானத்தில் எல்லாம் முடிந்தது. அங்கே வரிசை இருந்தது. காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்தார்கள். அதற்கடுத்த நாட்களில் வீடு மெல்ல அதன் அளவுக்குச் சுருங்கியது. வாடகை நாற்காலிகள் போயின. ஆக்சிஜன் இயந்திரத்தை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலடியில் அது இருந்த இடத்தில் மட்டும் தரை பளிச்சென்று இருந்தது.

கணவன் ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டான். துக்கத்திலும் அப்படித்தான். அப்பாவின் போன் எண்ணை ரத்து செய்தான். லிஃப்ட் தொழிலாளர் சங்கத்துக்கு எழுதினான். ஒருநாள் காலை டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதுல அப்பாவோட அந்தப் படிக்கிற கணக்கு ஒண்ணு இருக்குல்ல? அதையும் மூடிடலாமா? சும்மா வந்து வந்து சேர்ந்துக்கிட்டு இருக்கும்" என்றான்.

அது என் பெயரில்தான் இருக்கிறது என்று அவள் சொல்லியிருக்கலாம். அதுதான் நிஜமும். ஆனால் ஏனோ அந்த வார்த்தைகள் சரியாக இல்லை. "இருக்கட்டுங்க" என்றாள்.

ஊருக்குத் திரும்பப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. "இருக்கட்டும்டா. அது அவங்க ரெண்டு பேருது" என்றாள். கணவன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனான். நாத்தனாரும் மத்தியான வண்டிக்குப் போனாள். வாசலில் நின்று மருமகளின் தோளில் கையை வைத்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். மேசையில் அலமாரி வரைபடங்கள் காத்துக் கிடந்தன. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கூடையைத் திறந்தாள்.

அவர் போன பிறகு வந்தவை எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. இத்தனை வருஷத்தில் அதை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் படுக்கையில் விழும்வரை எப்போது திறந்தாலும் முன்னால் ஒருவர் நடந்துபோன தடம் இருக்கும். மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு தலைப்புகூட மங்கவில்லை. பாலக்காரர் ஏதோ ஆற்றைத் தாண்டியிருந்தார். பூனையும் கஞ்சனும் வந்திருந்தார்கள். அவள் ஒன்றையும் திறக்கவில்லை. திறந்தால் அதோடு முதல் ஆளாகிவிடுவாள்.

கடைசியில் 'படி' என்ற தளத்தில் போய் நின்று, அதை மட்டும் திறந்தாள். அந்த ஊர் எது, அந்த ஆள் யார் என்பதெல்லாம் தெரியாது. வாரத்துக்கு ஒரு படம் போடுவார். பழைய கட்டடங்களின் மாடிப்படிகள். வேறு ஒன்றுமில்லை, ஒரு வரிகூட எழுதமாட்டார். ஊரெல்லாம் லிஃப்ட் போட்டுக் கொடுத்த மனுஷனுக்கு இந்தப் படிக்கட்டுக்காரர்மேல் தனிப் பிரியம். பேரிலேயே படி என்று உத்தரவு போட்டுவிட்டு, படிக்க ஓர் எழுத்தும் தராத ஆள் என்று ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வாரம் எழுத்து இருந்தது. படத்துக்குக் கீழே இரண்டு வரி. இதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. இந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அவள் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் யாருக்கும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரித்தான் இருந்தார்கள். எங்கே எழுத வேண்டும் என்றுகூட அவளுக்குத் தேட வேண்டியிருந்தது. கீழே ஒரு கட்டம் இருந்தது. பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

நிறுத்த வேண்டாம் என்று அடித்தாள். பிறகு, இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் ஆரம்பத்திலிருந்து பார்க்கிறோம் என்று அடித்தாள். அடித்துவிட்டு, கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லை மாற்றவில்லை. அப்படியே அனுப்பினாள்.

உங்கள் கருத்து உரிமையாளரின் பார்வைக்குக் காத்திருக்கிறது என்று வந்தது.

அதற்கு மேலே படம் இருந்தது. கழுவி ஈரம் காயாத சிமெண்டுப் படிகள். ஓரம் தேய்ந்த கைப்பிடி. படிகள் மேலே போய் இடப்பக்கம் திரும்பின. திருப்பத்துக்கு அப்பால் எங்கோ ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; சுவரில் அதன் வெளிச்சம் மட்டும் விழுந்திருந்தது.